வந்தாக, வந்தாங்க: செட்டிநாட்டுப் பிள்ளைகளின் பேச்சு பற்றி

ஜனவரி 4
(தேவகோட்டை வாசகர் ஒருவர் எழுதியது, இழை இதிலிருந்துதான் தொடங்கியது.)

"எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊர்ப்பேச்சு என்றாலே வெட்கம். 'அவுக வந்தாக' என்று சொன்னால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பொதுத்தமிழ்தான் அவர்களைக் கெடுத்தது. வட்டார வழக்கைப் பாடப்புத்தகத்தில் சேர்த்தால் ஒழிய இன்னும் இருபது வருடத்தில் செட்டிநாட்டுப் பேச்சு இருக்காது. மறுப்பவர் உண்டா?"

ஜனவரி 4, மாலை

மறுக்கிறேன். 'வெட்கம்' என்பதைத்தான் முதலில் மறுக்கிறேன்.

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளோடுதான் பகல் முழுக்கக் கழிகிறது. வகுப்பில் "மேம், அவங்க இன்னும் வரல" என்று சொல்லும் பெண், வராந்தாவில் போனை எடுத்து "ஆத்தா, அவுக இன்னும் வரலயாம், நான் பைய வாறேன்" என்கிறாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். குரலைத் தாழ்த்தவில்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை. வெட்கப்படுகிறவள் இப்படியா பேசுவாள்?

அடுத்தது பள்ளிக்கூடத் தமிழ். "அவர்கள் இன்னும் வரவில்லை" என்று எந்தப் பிள்ளை வாய்விட்டுப் பேசுகிறது? ஊர்ப்பேச்சின் இடத்துக்கு வந்திருப்பது இன்னொரு பேச்சுத்தமிழ். தொலைக்காட்சித் தொடர், யூடியூப், சென்னை அலுவலகம், கோயம்புத்தூர் விடுதி எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய பேச்சு. அதற்கு இலக்கணப் புத்தகம் கிடையாது, யாரும் அதை நடத்துவதும் கிடையாது. ஆனாலும் எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது. தமிழாசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஜனவரி 4, இரவு

"வெட்கம் இல்லையென்றால் பின் ஏன் மாற்றிப் பேசுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

நான் படிப்பு முடித்ததும் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசும் வேலை. பயிற்சியின்போது ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழ் கொஞ்சம் கிராமத்துத் தமிழா இருக்கு, நியூட்ரலா பேசுங்க" என்றார். அது உறைத்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பேச்சை மாற்றியது அவர் இல்லை. விடுதியில் கூட இருந்த பெண்கள். நல்ல பெண்கள், இன்றுவரை தோழிகள். "ஏய், அந்த 'சொன்னாக' இன்னொரு தடவை சொல்லேன், கேக்கவே க்யூட்டா இருக்கு." காலையில் ஒருத்தி, மாலையில் ஒருத்தி, புதிதாக வந்தவள் ஒருத்தி. என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தபோதும் முதலில் அந்தச் சிரிப்புதான் வந்தது. மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டும். சொல்லும் விதத்தைக் கேட்டு மற்றவர்கள் ரசிக்கக்கூடாது. அதற்காகத்தான் "சொன்னாங்க"வுக்கு மாறினேன்.

அலுப்பு என்று அதற்குப் பெயர் வைப்பேன். கேலிக்குப் பயந்து மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். பாராட்டுத் தாங்காமல் மாறுகிறவர்களும் அதே அளவு இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 6

'வந்தாங்க' சரியான தமிழ், 'வந்தாக' கொச்சை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்: வந்தார்கள். வடக்கே அந்த 'ஆர்கள்' தேய்ந்து 'ஆங்க' ஆனது. இங்கே தேய்ந்து 'ஆக' ஆனது. வாயில் அது பாதி 'ஆஹ' போலத்தான் ஒலிக்கும். 'அவர்கள்' அங்கே 'அவங்க', இங்கே 'அவுக'. இரண்டிலும் ரகரம் போய்விட்டது, இரண்டிலும் ளகரம் போய்விட்டது. ஒன்றை இலக்கணத்துக்குப் பக்கத்தில் வைத்து மற்றதைத் தள்ளிவைக்க எந்த நியாயமும் கிடையாது. 'ஆங்க' சினிமாவுக்கும் தலைநகருக்கும் போனது. 'ஆக' ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, திருநெல்வேலி என்று தெற்கிலேயே தங்கிவிட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

முன்னிலையிலும் இப்படித்தான். "சாப்பிட்டீர்களா?" என்பது சென்னையில் "சாப்ட்டீங்களா", எங்கள் பக்கம் "சாப்பிட்டியளா". யோசித்துப் பாருங்கள், இங்கே இரண்டுமே ளகரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ழகரத்தைக் கொண்டுவந்து வாதாடப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே: ஆமாம், இங்கே பலர் வாயில் பழம் 'பளம்'தான். பழைய மெட்ராஸ் பேச்சில் அது 'பயம்'. ழகரத்தை எல்லாரும் சேர்ந்துதான் இழக்கிறோம்.

ஜனவரி 6, பின்னும்

மதுரை வாசகருக்கு: 'பைய' (மெதுவாக) எங்களுடையது மட்டும் என்று நான் சொல்லவில்லை. 'வெஞ்சனம்' (தொட்டுக்கொள்ளும் கறி), 'அங்கிட்டு இங்கிட்டு', 'அம்புட்டு' எல்லாம் உங்களுக்கும் எங்களுக்கும் பொது. பேச்சுக்கு மாவட்ட எல்லைக்கல் கிடையாது.

ஜனவரி 8

செட்டிநாட்டுப் பேச்சு என்று இங்கே எல்லாரும் ஒருமையில் எழுதுகிறீர்கள். என் வீட்டுக் கதையைச் சொன்னால் அது ஒன்றில்லை என்று புரியும்.

அம்மா பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் சமையலுக்குப் போனவர். சின்ன வயதில் நானும் கூடப் போவேன். அந்த வீட்டில் அப்பாவை 'அப்பச்சி' என்பார்கள், அம்மாவை 'ஆத்தா', அம்மாவைப் பெற்றவரை 'ஆயா', அண்ணன் மனைவியை 'அண்ணமிண்டி'. எங்கள் தெருவில் அப்பா, அம்மா, அம்மாச்சி, மதினி. முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் அங்கே பெயர் உண்டு. எங்கள் வீட்டுக்கு அத்தனை பெயர் தேவைப்படவில்லை. அம்மா காலையில் அங்கே 'மங்கு' என்பார், சாயங்காலம் வீட்டில் 'பீங்கான்' என்பார். மங்கு மலாய்ச் சொல், கப்பலேறிப் போனவர்களோடு வந்து பெட்டகத்தில் தங்கிவிட்டது.

அந்த வீட்டுக்காரர்களான நகரத்தார், அதாவது செட்டியார்கள், பேச்சு ஒன்று, நாட்டுப்புறத்தார் பேச்சு ஒன்று, பள்ளிவாசல் தெருப் பேச்சு இன்னொன்று. ஒரே சந்தையில், ஒரே கண்மாய்க் கரையில் அக்கம்பக்கமாக வளர்ந்தவை. நீங்கள் பாடப்புத்தகத்தில் சேர்க்கச் சொல்வது இதில் எதை?

'ஆச்சி'யை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் ஆச்சி பாட்டி. இங்கே ஆச்சி அக்காவும்தான், மணமான பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல்லும்தான். நடிகை மனோரமா பள்ளத்தூரில் வளர்ந்தவர், அதனால் திரையுலகம் அவரை ஆச்சி என்றது. பிற்பாடு பாட்டி வேடங்களில் பார்த்துப் பழகியவர்கள் ஆச்சி என்றால் பாட்டிதான் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது என் வகுப்பில் இருக்கும் நகரத்தார் வீட்டுப் பெண்கள் சிலர் தன் அக்காவை வெளியில் 'அக்கா' என்றுதான் சொல்கிறார்கள். 'ஆச்சி' என்றால் "உன் பாட்டியா?" என்று கேட்கிறார்களாம். அலுப்பு என்று சொன்னேன் அல்லவா, அதுதான்.

ஜனவரி 9

நேற்று இரவு எழுதியதை என் மாணவி ஒருத்தி படித்திருக்கிறாள். இன்று மதிய இடைவேளையில் வந்து பேசினாள். அவள் அனுமதியோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றாள்.

"மேம், நான் என் ஊர்ப் பேச்சுல பேசினா முதல் கேள்வி 'எந்த ஊரு?' ரெண்டாவது கேள்வி 'அந்த ஊர்ல எந்தப் பக்கம்?' டிவி தமிழ்ல பேசினா ரெண்டாவது கேள்வி வராது."

காலனியிலிருந்து வரும் பெண். நான் ஒன்றும் பேசவில்லை. அவளே தொடர்ந்தாள்: "நீங்க 'வந்தாக'வைப் பத்தி எழுதியிருக்கீங்க. அந்த 'ஆக' எங்க தாத்தாவுக்குக் கிடைக்கல. பெரிய வீட்டுல ஆறு வயசுப் பையன் எங்க தாத்தாவை 'வந்தான்'னுதான் சொல்வான். சென்னையில ஆட்டோக்காரரைக்கூட 'வந்தாங்க'னுதான் சொல்றாங்க."

இந்த இழையில் இதுவரை வந்ததில் மிகக் கனமான வாதம் இதுதான். வட்டாரப் பேச்சைக் கொண்டாடுகிற நாம் யாரும் இதைத் தொடவில்லை. ஊர்ப்பேச்சில் மண்மணம் இருக்கிறது என்கிறோம். அந்த மண்ணில் யார் எங்கே நிற்கலாம் என்ற கணக்கும் அதே பேச்சில் இருந்தது. உறவுச்சொல் ஒன்று போதும், சாதியைச் சொல்லிவிடும். வாடகைக்கு வீடு தேடுகிற பிள்ளைக்கு, வேலைக்கு நேர்காணலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு, பொதுப்பேச்சு ஒரு பாதுகாப்பு. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வா என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

பொதுமொழி என்றாலே மேலிருந்து திணிப்பது என்று எழுதுகிறவர்கள் இவளுக்கு என்ன சொல்வீர்கள்?

ஜனவரி 10

அவளிடம் இன்று ஒன்று கேட்டேன். "உங்க தெருவுக்குள்ள தாத்தாவை எப்படிச் சொல்வீங்க?" "தாத்தா வந்தாகன்னுதான் மேம். வேற எப்படி?"

அந்த 'ஆக'வை அவர்களும் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பெரியவர்களுக்குக் கொடுத்துத்தான் வந்திருக்கிறார்கள். வெளியேதான் அது மறுக்கப்பட்டது. அதனால் இந்த ஒலி பெரிய வீட்டுச் சொத்து என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நேற்று எழுதியதை இது குறைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

ஜனவரி 11

"ரீல்ஸ் பார்த்தீர்களா? இப்போதுதானே வட்டார வழக்கு கொடிகட்டிப் பறக்கிறது!" என்று எழுதிய தம்பிக்கு.

பார்க்கிறேன். வெள்ளைப்பணியாரம், கந்தரப்பம், சீப்புச் சீடை, கும்மாயம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு பெண் நடந்து வருவார். இல்லையென்றால் ஒரு பையன் துண்டைப் போர்த்திக்கொண்டு பாட்டி மாதிரி வைவான். எனக்கும் சிரிப்பு வரும்.

ஆனால் வீடியோ போடும் என் மாணவன் ஒருவன் சொன்னதைக் கேளுங்கள். ஊர்ப்பேச்சில் நகைச்சுவை போட்டால் ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள். அதே ஊர்ப்பேச்சில் கல்விக்கடனுக்கு வங்கியில் என்னென்ன தாள் கேட்பார்கள் என்று ஒரு வீடியோ போட்டிருக்கிறான். "ப்ரோ, சீரியஸா பேசுங்க ப்ரோ" என்று பின்னூட்டம். அவன் சீரியஸாகத்தான் பேசியிருக்கிறான். அந்தப் பேச்சில் சொன்னால் அது சீரியஸ் ஆகாது என்று கேட்கிறவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்த வீடியோவைப் பொதுப்பேச்சில் போட்டான்.

என் கவலை முழுக்க இதில் இருக்கிறது. பிள்ளைகள் ஊர்ப்பேச்சை விடவில்லை. அதற்கென்று வேலை பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், கொடுக்க வைத்தோம்: சாப்பாட்டுக்கு, சிரிப்புக்கு, கோபத்துக்கு ஊர்ப்பேச்சு. பணத்துக்கு, சட்டத்துக்கு, படிப்புக்கு, காதலுக்குக்கூட பொதுப்பேச்சும் ஆங்கிலமும். காதல் என்று எழுதியது மிகையில்லை. "ஊர்ப்பேச்சுல ப்ரபோஸ் பண்ணினா காமெடி ஆயிரும் மேம்" என்று பையன்களே சொல்கிறார்கள்.

ஜனவரி 12

நேற்றைய பதிவுக்கு ஒரு பெரியவர் மறுப்பு: "பேச்சுவழக்கு எப்போதும் அடுப்படிக்கும் தெருவுக்கும்தான். கனமான காரியத்துக்கு அது என்றைக்கும் பயன்பட்டதில்லை."

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதை எப்படிச் சொல்கிறீர்கள் ஐயா? ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கிட்டங்கிகளில், அதாவது செட்டியார்கள் தொழில் நடத்திய கடைகளில், கோடிக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்தது எந்தப் பேச்சில்? மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை, பேரேடு, ஐந்தொகை (இருப்புநிலைக் குறிப்பு) என்று கணக்கு. பத்துப் பன்னிரண்டு வயதில் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழிலுக்கு, போன பையன் பெட்டியடியில் உட்கார்ந்து காது வழியாகத்தான் அந்தத் தொழிலைக் கற்றான். ஒரு வங்கித்தொழிலையே தூக்கிச் சுமந்த பேச்சு இது. 1930களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பெருமந்தத்தில், அந்த உலகப் பொருளாதாரச் சரிவில், கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை இழந்த பர்மிய உழவர்கள் அதை எப்படி நினைத்திருப்பார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. நான் சொல்ல வருவது இதுதான்: இந்தப் பேச்சுக்குக் கனம் தாங்கும் முதுகு இருந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தார்கள், கடைகள் போயின, அந்தச் சொற்களின் வேலையும் போயிற்று. இன்று என் வகுப்பில் வணிகவியல் படிக்கும் பிள்ளைகளில் ஐந்தொகை என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் அபூர்வம். பாட்டன் காலத்துப் பேரேடு பரணில் இருந்தாலும் இருக்கும்.

ஜனவரி 17

பொங்கலுக்கு வீட்டில் இருந்தேன், இப்போதுதான் மடிக்கணினியைத் திறக்கிறேன். குவிந்திருக்கும் கேள்விகளுக்கெல்லாம் இன்று பதில் சொல்ல முடியாது. சிராவயல் மஞ்சுவிரட்டில் கேட்டதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் பையன்கள் கும்பலாக வந்திருந்தார்கள். பொட்டலில் இறங்கும்வரை "டேய், ட்ராஃபிக் பார்த்தியா, வேற லெவல்" என்ற பேச்சு. மாடு அவிழ்த்ததும் ஒரு நிமிடம் ஆகவில்லை: "அங்கிட்டுப் போகாதடா, இங்கிட்டு வா, முட்டிப்புடும், எம்புட்டு வேகமா வருது பாரு!" யாரும் யோசித்து மாற்றவில்லை. உயிருக்குப் பயம் வந்தால் வாய் தானாக ஊருக்குத் திரும்புகிறது.

வண்டி நிறுத்துமிடத்தில் அதே பையன்கள் ஆளாளுக்கு வாட்ஸாப்பில் குரல்பதிவு அனுப்பினார்கள், அதுவும் ஊர்ப்பேச்சில். தட்டெழுதும்போது மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழ், அதிலும் 'vandhanga', அதாவது 'வந்தாங்க'தான். ஊர்ப்பேச்சுக்கு எழுத்து வடிவம் பழகவில்லை, ஒலி வடிவம் நன்றாகவே இருக்கிறது. வகுப்பிலும் இதைக் கவனிக்கிறேன். குரல்பதிவில் எழுபது வயது அப்பத்தாவும் பதினெட்டு வயதுப் பேத்தியும் ஒரே பேச்சு பேசுகிறார்கள். இதைக் கணக்கில் சேர்க்காமல் "மொழி செத்துக்கொண்டிருக்கிறது" என்று எழுதாதீர்கள்.

ஜனவரி 19

தரப்படுத்தலே வன்முறை என்று எழுதிய ஆராய்ச்சி மாணவருக்கு. உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் எழுத்தைத் தரப்படுத்துவதும் பேச்சைத் தரப்படுத்துவதும் வேறு வேறு.

எழுத்துத்தமிழ் ஒன்றாக இருப்பதால்தான் நான் எழுதுவதை யாழ்ப்பாணத்தில் இருப்பவர் படிக்கிறார், கோலாலம்பூரில் இருப்பவர் பதில் எழுதுகிறார். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் பள்ளிக்கூடம் போன அம்மா இன்னும் 'லை'க்குத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுவார், நான் புது எழுத்தில் எழுதுவேன். அதனால் எங்கள் இருவர் பேச்சிலும் ஒரு ஒலிகூட மாறவில்லை.

இந்த மண் இரண்டையும் சண்டையில்லாமல் வைத்திருந்தது. 1920களில் காரைக்குடியிலிருந்து ஊழியன், குமரன் இதழ்கள் தெளிவான பொதுத்தமிழில் வந்தன. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் இங்கே கம்பன் விழாவைத் தொடங்கினார், அது இன்றும் பங்குனியில் நடக்கிறது, நிறைவு நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில். மேடையில் ஏறுகிறவர் செந்தமிழைப் பொழிவார். கேட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள் "என்னமா சொன்னாக, கேட்டியளா?" என்று பேசிக்கொண்டு போவார்கள். மேடைத்தமிழ் தெரு வாயைத் திருத்தியதும் இல்லை, தெரு வாய் மேடையைப் பார்த்துக் கூசியதும் இல்லை.

கெடுதல் எங்கே நடக்கிறது என்றால், பிள்ளை வாயைத் திறக்கும்போதே குறுக்கே விழுகிற இடத்தில். நான் படித்த காலத்தில் ஓர் ஆசிரியை, "எங்கம்மா சொன்னாக" என்று ஒரு சிறுமி தொடங்கினால், அம்மா என்ன சொன்னார் என்று கேட்கமாட்டார். "சொன்னாக என்ன சொன்னாக? சொன்னார்கள்!" என்பார். அந்தச் சிறுமி அதற்கப்புறம் வகுப்பில் வீட்டுக் கதை சொன்னதே இல்லை. இப்போதைய ஆங்கிலவழிப் பள்ளிகள் பலவற்றில் நிலைமை இன்னும் மோசம், தமிழ் பேசினாலே அபராதம். அங்கே எந்தத் தமிழ் என்ற கேள்விக்கே இடமில்லை.

எழுதும்போது கையைத் திருத்துங்கள். பேசும்போது வாயை விட்டுவிடுங்கள். ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்.

ஜனவரி 20

வட்டாரப் பேச்சைக் 'கொடுந்தமிழ்' என்று தொல்லாசிரியர்களே ஒதுக்கிவிட்டார்களே என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்துவிட்டது.

தொல்காப்பியம் திசைச்சொல்லை, அதாவது சுற்றுப்புற வட்டாரங்களின் சொல்லை, ஒதுக்கவில்லை. இயற்சொல், திரிசொல், வடசொல்லோடு சேர்த்துச் செய்யுளுக்கு உரிய நான்கு வகைச் சொல்லில் ஒன்றாக வைக்கிறது. நிலத்துக்கு வேலி போட்டவர்கள் உரைகாரர்கள்: வையை ஆற்றின் வடக்கு, மருத ஆற்றின் தெற்கு, கருவூரின் கிழக்கு, மருவூரின் மேற்கு, இதற்குள் இருப்பது செந்தமிழ் நிலம். வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். காரைக்குடி வைகைக்கு வடக்கே இருக்கிறது, வேலிக்கு உள்ளே வந்துவிடும். இன்றைக்குத் தரமான பேச்சு என்று நாம் பார்த்துச் செய்யும் சென்னை வேலிக்கு வெளியே.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரே ஆரவாரம். ஆனால் இதை வைத்துப் பெருமையடிக்க வேண்டாம் என்று அவர்களிடமும் சொன்னேன். ஒரு காலத்தில் வேலி இங்கே இருந்தது, இன்று அங்கே இருக்கிறது. அதிகாரமும் புலமையும் எங்கே குடியிருக்கிறதோ அந்தப் பக்கம் வேலி நகர்கிறது. உள்ளே இருந்தபோது நாம் வெளியே இருந்தவர்களைக் கொடுந்தமிழ் என்றோம்.

ஜனவரி 23

பாடப்புத்தகத்தில் சேர்ப்பது பற்றி இன்னும் நான் நேராகப் பதில் சொல்லவில்லை என்று தேவகோட்டைக்காரர் கேட்கிறார். நியாயம்தான்.

வேண்டாம் என்பது என் கருத்து. பாடம் என்றால் தேர்வு, தேர்வு என்றால் சரியான விடை. 'அண்ணமிண்டி என்பதன் பொருள் யாது? இரண்டு மதிப்பெண்.' ஊர்ப்பேச்சுக்கும் ஒரு தரப்பட்ட வடிவம் வந்துவிடும், அது பெரும்பாலும் பெரிய வீட்டு வடிவமாக இருக்கும், என் மாணவியின் தெருவுக்கு அதிலும் இடம் இருக்காது. கி. ராஜநாராயணன் கரிசலுக்கு அகராதி செய்தார், பெருமாள்முருகன் கொங்குக்குச் செய்தார். அகராதிகள் வேண்டும், நிச்சயம் வேண்டும். ஆனால் அகராதி சொல்லைக் காப்பாற்றும். பேசுவதற்கு ஒரு காரணத்தை அதனால் கொடுக்க முடியாது.

பிப்ரவரி 1

வகுப்பில் ஒன்று செய்து பார்த்தோம். வீட்டில் ஒரு கனமான பேச்சை, அனுமதி கேட்டு, போனில் பதிந்து வரச் சொன்னேன். சமையல் குறிப்பு வேண்டாம், பழமொழி வேண்டாம், பாட்டு வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். வழக்கு, கடன், நோய், வரன் பேச்சு, ரேஷன் கடை, கண்மாய்த் தண்ணீர்.

வந்தவற்றைக் கேட்டு அசந்துபோனேன். ஒரு பையனின் அப்பா வரப்புத் தகராறைப் பக்கத்து வயல்காரரோடு பேசித் தீர்க்கிறார். குரல் உயரவே இல்லை. "நீங்க சொல்றதை நான் இல்லங்கல. ஆனா கல்லு நட்டது எங்க ஐயா காலத்துல, அப்ப உங்க ஐயாவும் கூட நின்டுருக்காக. அவுக ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதை நம்ம மாத்தினா நல்லாருக்குமா?" வக்கீல் நோட்டீஸ் செய்ய வேண்டிய வேலையை இந்த மூன்று வாக்கியம் செய்திருக்கிறது. அந்த 'நின்டுருக்காக'வில், செத்துப்போன எதிராளியின் தகப்பனுக்குக் கொடுத்த மரியாதையில்தான், மற்றவர் இறங்கி வந்தார். பையன் அதை வகுப்பில் போட்டுக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை.

இன்னொருத்தி அப்பத்தாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதைச் சொன்னாள். அங்கே பதியவில்லை, வீட்டுக்கு வந்து அப்பத்தாவைத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறாள். "நெஞ்சைக் கரிக்குது, ராவானா எதுக்களிச்சுக்கிட்டு வருது, வயிறு பொருமுது." இளம் மருத்துவர் 'நெஞ்சு' என்றதும் "நெஞ்சுவலியா பாட்டி? எப்போதிலிருந்து?" என்று பதறிவிட்டாராம். பேத்தி இடையில் புகுந்து, வலி இல்லை டாக்டர், எரிச்சல், படுத்தால் புளித்து மேலே வருகிறது என்று விளக்கியிருக்கிறாள். இரண்டு பக்கமும் தெரிந்த பிள்ளை. இப்படிப்பட்டவர்களைத்தான் 'வேர் அறுந்தவர்கள்' என்று இந்த இழையின் தொடக்கத்தில் இரண்டு பேர் எழுதினீர்கள்.

காலனியிலிருந்து வரும் மாணவியும் ஒரு பதிவு கொண்டுவந்தாள். வகுப்பில் போடவில்லை, எனக்கு மட்டும் அனுப்பினாள். வேலையுறுதித் திட்டக் கூலி பாக்கியைக் கேட்டு அவள் அம்மா பேசியது. முழுக்க ஊர்ப்பேச்சு, அதிகாரியை நேருக்கு நேர், ஒரு சொல் தடுமாறாமல். "இதைப் போட்டா எங்க தெருன்னு தெரிஞ்சிரும், ஆனா அம்மா பேசினது நல்லாருக்குல்ல மேம்?" என்று கூட எழுதியிருந்தாள். மிக நன்றாக இருந்தது.

பிப்ரவரி 3

அறந்தாங்கி, திருமயம், திருப்பத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் நாங்களும் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள். பேசுகிறவரிடம் கேட்டுவிட்டுப் பதியுங்கள், கேட்காமல் பதிந்ததை வாங்கமாட்டேன். பெயர், சாதி, தெரு எதுவும் வேண்டாம். ஊர்ப்பக்கம், தோராயமான வயது, எதைப் பற்றிய பேச்சு, இவை போதும். பதிவு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. தட்டெழுதி அனுப்புகிறவர்கள் ஒலியில் இருப்பதை அப்படியே எழுதுங்கள், 'ஆக' என்று கேட்டதை 'ஆங்க' என்று மாற்றிவிடாதீர்கள். போன் தானாகத் திருத்தினால் பின்னால் போய் மறுபடி மாற்றுங்கள்.

தேவகோட்டைக்காரருக்கு: உங்கள் அப்பச்சி காலத்துக் கொழும்புக் கடைப் பேரேடு வீட்டில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். வணிகவியல் பிள்ளைகள் நான்கைந்து பேர் வந்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஐந்தொகை போடுவது எப்படி என்று நீங்களே சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது, உங்கள் வீட்டுப் பேச்சிலேயே. எந்த ஞாயிற்றுக்கிழமை தோது?